ராயபுரம் முக்கில் இருக்கிறேன்

பச்சை மீன் கவிச்சி அடிக்காது மேடம். எல்லாரும் அடிக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நல்ல மீனாக இருந்தால் வாசமே தெரியாது, வாயில் வைத்ததும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். நீங்களும் ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். என் பெயரைச் சொன்னால் கடல் தெரிகிற பக்கமாக இடம் கொடுப்பார்கள். போன வாரம் வரைக்கும் கொடுத்திருப்பார்கள், இப்போது எப்படியோ தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டீர்கள். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில், ஒரு ரிசார்ட்டுக்குள் இருக்கும் ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். திருப்பூரில் என் யூனிட்டுக்குள் ஏழு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஷட்டரை வெளியே பூட்டியது நான். சாவி என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. இதில் எதையும் நான் மறைக்கவில்லை. எதற்காகப் பூட்டினேன் என்பதைத்தான் இந்த ஸ்டேஷனில் இதுவரை யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், சந்தோஷம்.

நாங்கள் பிறந்த குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கிறோம். வெள்ளகோவிலில் காட்டில் விவசாய வேலை பார்த்த குடும்பம், அப்பா கிட்டுசாமி எட்டு மெஷினோடு ஆரம்பித்தார், நான் அதை யூனிட்டாக்கினேன். எங்கள் துணி அவ்வளவு மென்மையாக இருக்கும். வாங்குகிற ஜப்பான் கம்பெனிக்காரர்கள் மனசும் அப்படித்தான். ஆட்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு விதித்தாள் அனுப்பியிருக்கிறார்கள். தமிழில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆபீஸில் மாட்டியிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு மெஷினோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்போம்.

அந்தத் தாளில் ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது என்று இருக்கிறது. எழுதியவர்கள் எங்கேயோ இருந்துகொண்டு எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை லாரி வந்து நிற்பது என் வாசலில். இந்த முறை உடுப்பில் வைத்த பிரஸ் பட்டன்கள் இழுத்தால் கையோடு வந்தன. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தையின் உயிரோடு நான் விளையாட முடியாது. எல்லாப் பட்டனையும் பிடுங்கி வேறு வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாள் கையில் இல்லை.

இதற்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். விடிந்ததும் ஆட்களை உள்ளே விட்டு, ஷட்டரை இறக்கி, வெளியே பெரிய பூட்டாகப் போட்டுவிடுவேன். ஜன்னல்களுக்கு உள்பக்கம் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறது. பட்டன் மாற்றுவது கைப்பிரஸ் வேலை, சத்தமும் வராது. தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் பூட்டைப் பார்த்து, பரவாயில்லையே, லீவு விட்டிருக்கிறாரே என்று திருப்தியாகப் போவார். விதிப்படி நடக்கிறோமா என்று சோதிக்கக் கம்பெனி அனுப்பிய ஓர் ஆடிட்டர் அந்தப் பூட்டைப் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில் சேர்த்தார். இது நான் யாரிடமும் பார்த்துக் கற்றதில்லை, சொந்த யோசனை. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாட்ச்மேனிடம் சாவி கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். யாராவது ஓர் அதட்டல் போட்டால் திறந்துவிடுவான் மேடம், அவன் அப்படி. ஆகவே ஞாயிறு அவனுக்கு லீவு. விதித்தாளில் இருக்கிறபடி ஓய்வு எடுத்த ஒரே ஆள் அவன்தான். அவசர வழியும் இருக்கிறது. பச்சை போர்டு, ஓடுகிற மனிதன் படம், விளக்கு, எல்லாம் உண்டு. ஆடிட் அன்றைக்குத் தள்ளினால் பட்டென்று திறக்கும். மற்ற நாட்களில் அதன் முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைப்போம், இடம் பத்தவில்லை. செல்போன்களைக் கூடையில் வாங்கி என் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். குல்சார் பேகத்திடம் மட்டும் ஒன்று இருக்கும்.

குல்சார் அம்மிணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக்கிங் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அப்பா காலத்திலிருந்து இருக்கிறார், யூனிட்டுக்குப் பக்கத்தில் திருப்பூர் ராயபுரத்தில் வீடு. அவர் பார்த்து அனுப்பிய பெட்டியில் குறை என்று உடுப்பு வாங்குகிற ஒரு பையரும் சொன்னதில்லை. ஆட்களை அதட்ட மாட்டார், பார்த்தாலே போதும். என்னிடம் மட்டும் எதிர்த்து ஒரு வார்த்தை வராது. அன்றைக்குக் காலையில் பூட்டப் போகும்போது கேட்டார். "ஏனுங்க மொதலாளி, நீங்க மெட்ராஸ் போறீங்களாமே. பொழுதோட வந்துருவீங்களா?"

"சாயங்கால பிளைட்டுல திரும்பிருவனுங்க அம்மிணி. நான் இங்கதான் இருக்கறனாட்ட நெனச்சுக்கிட்டு வேலையப் பாருங்க" என்றேன். ஆளுக்கு ஒரு மட்டன் பிரியாணிப் பொட்டலம் உள்ளே வைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன். கோழி இல்லை, மட்டன். ஞாயிற்றுக்கிழமை உழைக்கிறவர்களுக்குக் கோழி கொடுக்க எனக்கு மனசு வராது.

நான் மெட்ராஸ் போனதும் அந்த யூனிட்டைக் காப்பாற்றத்தான். ஜப்பான் கம்பெனியிலிருந்து மொரிதா என்று ஒருவர், அடுத்த வருஷ ஆர்டரை எங்களுக்கே கொடுப்பதா என்று முடிவு செய்ய வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் வந்து, ஆள் இல்லாத யூனிட்டைப் பார்க்க வேண்டும் என்று மெயில் போட்டார். ஆள் இல்லாதபோதுதான் ஒரு தொழிற்சாலையின் மனசு தெரியுமாம். நான் உடனே பதில் போட்டேன். ஞாயிறு ஓய்வு நாள், உங்களையும் உழைக்க விடமாட்டேன், கடற்கரையில் உங்கள் ஊர்ச் சாப்பாடு வாங்கித் தருகிறேன், திங்கட்கிழமை யூனிட்டைப் பார்க்கலாம் என்று. அவர் நெகிழ்ந்துபோய்விட்டார்.

என் மனைவி நித்யஸ்ரீ இதற்காக ஒரு வாரம் பாடுபட்டாள். யூடியூப் பார்த்து, இரண்டு குச்சியால் நிலக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பழகினாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. கடை வாசலிலேயே மேனேஜர் பையன் தடுத்துவிட்டான். மீனின் வாசனை கெட்டுவிடுமாம், பூவைக் கழற்ற வேண்டுமாம். இல்லாத வாசனை எப்படிக் கெடும் என்று நான் கேட்கவில்லை. நித்யஸ்ரீ பூவைக் கழற்றிக் கொடுத்தாள், அவன் அதை ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுத் துணியால் மூடினான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் ஒன்று சொல்லி அவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை.

பிறகு விதிகளைச் சொன்னான். சமையல்காரருக்கு எதிரே பலகையில் உட்கார வேண்டும். அவர் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து வைப்பார். வைத்த உடனே வாயில் போட்டுவிட வேண்டும், ஆற விடக் கூடாது, பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பலகை மேல் போன் இருந்தால் சமையல்காரருக்கு அவமரியாதை. எனக்கு இந்த ஒழுங்கு ரொம்பப் பிடித்தது மேடம். சமையல்காரர் பார்க்க அசல் ஜப்பான்காரர். மெஷின் ஓட்டும் பீகார்ப் பையன்களிடம் கற்ற ஹிந்தியில் மெதுவாக விசாரித்தேன், மிசோரம் என்றார். மொரிதாவிடம் அதைச் சொல்லவில்லை. சாப்பிடுகிற மனிதரின் சந்தோஷத்தை எதற்குக் கெடுப்பது.

முதல் துண்டை வாயில் போட்ட நித்யஸ்ரீ என் காதோரம் குனிந்தாள். "ஏனுங்க, சோறு ஊசிப்போயிருக்குதுங்க."

"அது அப்படித்தான் இருக்கும். முழுங்கு."

மொரிதா ஒவ்வொரு துண்டுக்கும் தலையைக் குனிந்து நன்றி சொன்னார். பாதியில் ஒரு வார்த்தை சொன்னார். இந்தியா வந்தால் இட்லி சாப்பிடலாம் என்று ஆசையாக இருந்தாராம், ஆனால் நான் இவ்வளவு அன்பாகக் கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லையாம். ஆக மூன்று பேருமே மரியாதைக்காகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வந்த விருந்தாளி வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிடுவதும், கூப்பிட்டவன் போதும் என்று சொல்லாமல் போடச் சொல்வதும் எங்கள் பக்கத்திலும் உண்டு. அந்த மனிதர் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

அப்போதுதான் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. குல்சார் அம்மிணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிட்டதே இல்லை. முகத்தைத் துணியால் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டு எடுத்தேன்.

"மொதலாளி, வேஸ்ட் ரூம்புல பொகை வருதுங்க. கரண்டுப் பொட்டியில டப்புனு சத்தங் கேட்டுச்சு, லைட்டு போயிருச்சு. வெட்டுத்துணி மூட்டை பத்திக்கிச்சாட்ட இருக்குது. ஷட்டரத் தொறக்கோணுமுங்க."

"பயப்படாதீங்க அம்மிணி. இதா வந்துட்டேன். பிளைட்டு ஏறலீங்க, ஏர்போட்டுலருந்தே திரும்பி வந்தாச்சு, ராயபுரம் முக்குலதான் இருக்கறேன்."

நீங்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள். எங்கள் தொழிலில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை மேடம். நூலே வராதபோது துணி சாயத்துக்குப் போய்விட்டது என்போம். சாயத்தில் கிடக்கும்போது தையலில் இருக்கிறது என்போம். குளித்துக்கொண்டே, இதோ வண்டியில் ஏறிவிட்டேன் என்போம். கேட்கிறவரும் அதைக் கேட்டுக்கொள்வார், அவரும் அப்படித்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிற ஆளின் மனசு கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கட்டும் என்கிற நல்லெண்ணம்தான் அது. குல்சார் அம்மிணிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவர். ஆனால் நான் சொன்னதை அவர் அப்படியே நம்பினார்.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். அதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். "ஷட்டரத் தட்டாதீங்க, சத்தம் போடாதீங்க. ஞாயித்துக்கெழம ஆளு வெச்சது தெரிஞ்சா கம்பெனியே போயிரும், அப்பறம் எல்லாத்துக்கும் சோறு போச்சு. வேற யாருக்கும் போன் போட வேண்டாம், லைன் ஃப்ரீயா இருக்கட்டும், நான் கூப்புடுவேன். எல்லாத்தையும் ஷட்டருகிட்ட கூட்டியாந்து வரிசையா உக்கார வெய்யுங்க."

"சரிங்க மொதலாளி" என்றார். பின்னால் யாரோ அழுவது கேட்டது. அவர் அதட்டாமல், "ஸ்ஸ், வந்துட்டாங்களாமா, முக்குலதான் இருக்காங்களாமா" என்று சொல்வதும் கேட்டது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டிருக்கலாம். என் மச்சான் சிவராஜைக் கூப்பிட்டிருக்கலாம். யூனிட்டுக்கு நேர் எதிரே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், அங்கே கடப்பாரையும் உண்டு. இதெல்லாம் தோன்றாமல் இல்லை. நான் மடையன் இல்லை. ஆனால் வண்டி மணியடித்துக்கொண்டு வரும், தெருவே கூடும், கூடினவன் ஒவ்வொருவனும் போனைத் தூக்கிப் படம் எடுப்பான். கடைசித் துண்டை மொரிதா வாயில் போடுவதற்கு முன்னால் அந்தப் படம் அவர் கைக்கு வந்திருக்கும். எனக்குப் பயமாக இருந்தது, ரொம்பப் பயமாக இருந்தது. அந்த ஆர்டர் போனால் நூற்றுக்கணக்கான குடும்பம் நிற்கும். ஏழு பேருக்காக அத்தனை பேரையும் தெருவில் விட முடியுமா? வேஸ்ட் ரூமில் போன வருஷமும் புகை வந்தது, தானே அடங்கியது. இந்தத் தடவையும் அடங்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவருக்கு இருமல் அதிகமாக இருந்தது. "எங்க இருக்கறீங்க மொதலாளி? கண்ணு தெரியலீங்க."

"ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க அம்மிணி. கூட்ஸ் வண்டி போய்ட்டிருக்குது. ஈரத்துணியா மூக்குல வெச்சுக்குங்க, கீழ குனிஞ்சு இருங்க."

ஈரத்துணி, குனிந்து இருப்பது, இரண்டும் கம்பெனிக்காரர்கள் நடத்திய பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். சரியான நேரத்தில் அது ஞாபகம் வந்ததை நினைத்து இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. நித்யஸ்ரீ மட்டும் என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, ஏதாச்சும் பிரச்சனையா?" என்றாள். கடலைப் பார் என்றேன்.

மொரிதாவும் கேட்டார். அவசரமா என்று. இல்லை, என் ஊழியர் ஒருவர், நான் சாப்பிட்டேனா என்று விசாரிக்கிறார் என்றேன். அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். விடுமுறை நாளில் முதலாளி சாப்பிட்டாரா என்று கேட்கிற ஊழியரை அவர் வேறு எந்த நாட்டிலும் பார்த்ததில்லையாம். யூனிட்டை வந்து பார்க்கவே வேண்டாம், இதுவே போதும் என்றார். ஆர்டர் எங்களுக்குத்தான் என்று எழுந்து நின்று தலை குனிந்தார். நானும் எழுந்து குனிந்தேன். கண் கலங்கிவிட்டது மேடம். அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

மூன்றாவது தடவை போன் அதிர்ந்தபோது சமையல்காரர் எனக்கு முன்னால் மஞ்சளாக, கூழ் மாதிரி ஏதோ ஒரு கடல் பிராணியை வைத்தார். அதுதான் அன்றைய சாப்பாட்டிலேயே விசேஷமாம். உடனே சாப்பிட வேண்டும். மொரிதா பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை அணைத்துவிட்டு அதை வாயில் போட்டேன். உப்பாகவும் இனிப்பாகவும் இருந்தது. அதற்குப் பிறகு பழம் வந்தது, டீ வந்தது. சாப்பிட்டு முடித்துக் கடற்கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம். மொரிதா பேன்ட்டை மடித்துவிட்டு அலையில் நின்றார், நித்யஸ்ரீ அவரைப் படம் எடுத்தாள். ஏர்போர்ட்டில்தான் மறுபடி போனைப் போட்டேன். குல்சார் அம்மிணியிடமிருந்து அதற்கு மேல் ஒன்றும் வந்திருக்கவில்லை. என் அனுபவத்தில், கூப்பிட்டவர் திரும்பக் கூப்பிடவில்லை என்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். மற்றவர்கள் எல்லாரும்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

மொரிதாவின் கம்பெனி ஆழ்ந்த இரங்கல் தெரிவித்து மெயில் அனுப்பியிருக்கிறது. ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். இடத்தைப் படம் எடுக்கிறவர்கள் உடுப்பில் இருக்கும் லேபிள் தெரியாமல் எடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை. உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

குல்சார் அம்மிணியின் மகள் ரைசா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே கூட்டிவரும்போது பார்த்தேன். "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அம்மா இருந்திருந்தால் பெரியவர்களிடம் அப்படி நடந்துகொள்ள விட்டிருக்க மாட்டார். ஆனாலும் எனக்கு வருத்தம் இல்லை. இந்தக் கேஸெல்லாம் முடிந்து யூனிட் மறுபடி ஓடும்போது, அவளுக்கு அம்மாவின் இடத்தையே கொடுப்பதாக இருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிவராஜ் உங்களிடம் வந்து அழுதானாமே. புகையைப் பார்த்தானாம், பூட்டையும் பார்த்தானாம், உள்ளே யாரும் இல்லை என்று நினைத்து எனக்குப் போன் போட்டபடியே நின்றானாம். உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டுச் சத்தம் கேட்டிருந்தால் கடப்பாரையை எடுத்து ஷட்டரைப் பிளந்திருப்பேன் என்றானாம். பிளந்திருப்பான், அதில் சந்தேகம் இல்லை. ஏழு பேருமே ஷட்டரிலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள் என்றும், மூக்கில் ஈரத்துணியோடு வரிசையாக உட்கார்ந்தபடியே இருந்தார்கள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஏன் ஒருத்திகூடத் தட்டவில்லை என்று உங்களுக்குப் புரியவில்லை என்கிறீர்கள். நான் தட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன் மேடம். கடைசிவரைக்கும் தட்டவில்லை பாருங்கள். இப்படி ஆட்கள் இனிமேல் எனக்குக் கிடைக்க மாட்டார்கள்.